சிரைக்குழாய்ப் பராமரிப்பு: நாட்கணக்கும் கண்காணிப்பும் (வாசகர் கேள்வி–பதில்)

கேனுலா (பெரும்பாலும் கைச் சிரையில் போடும் குறுங்குழாய்), பிக் லைன் (மேற்கைச் சிரை வழியே இதயத்தருகே வரை செல்லும் நீண்ட குழாய்), சென்ட்ரல் லைன் (கழுத்து, மார்பு அல்லது தொடை வழியே பெருஞ்சிரைக்குள் போடும் குழாய்), போர்ட் (தோலின் அடியில் பொருத்தும் மருந்தேற்றும் சிறு அறை) ஆகிய சிரைவழிக் குழாய்களின் பராமரிப்பைப் பற்றிச் செவிலியர்களும், செவிலியர் பயிற்சி மாணவர்களும், நோயாளிகளின் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் அளிக்கப்படுகிறது. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் சேர்த்துச் சுருக்கப்பட்டுள்ளன. பதில்கள் பொதுவானவை, குறிப்பிட்ட ஒரு நோயாளியின் நிலையில் அவரைப் பார்த்துவரும் மருத்துவக் குழுவின் முடிவே செல்லும்.

கேள்வி: கையில் போட்ட கேனுலாவை, அது நன்றாக இருந்தாலும், 72 மணி நேரம் முடிந்ததும் எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும் என்றே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அண்மையில் பணியில் சேர்ந்தவர்கள், அது பழைய விதி என்றும் தேவை ஏற்பட்டால் மட்டும் மாற்றினால் போதும் என்றும் சொல்கிறார்கள். எதைப் பின்பற்றுவது?
— பொது வார்டில் பணிபுரியும் செவிலியர்

பதில்: புதியவர்கள் சொல்வதில் பாதி சரி. மறுபாதியை அவர்கள் சொல்லவில்லை, அல்லது அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சிரைக்குள் ஒரு குழாய் கிடக்கும் நாள் கூடக்கூட அழற்சியும் தொற்றும் கூடும் என்ற கருத்திலிருந்தே அந்த மணிக்கணக்கு பிறந்தது. நெடுங்காலம் அதை யாரும் நேருக்கு நேர் சோதித்துப் பார்க்கவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கிளேர் ரிக்கார்டு என்ற செவிலிய ஆய்வாளரின் தலைமையில் நடந்து, 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு அதைச் செய்தது. அதில் 3,283 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மூன்றாம் நாளில் கேனுலா தவறாமல் மாற்றப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு வலி, சிவப்பு, வீக்கம், அடைப்பு போன்ற காரணம் தோன்றியபோது மட்டும் மாற்றப்பட்டது. சிரை அழற்சி ஏற்பட்டவர்கள் இரு பிரிவிலும் 7 சதவீதம்தான். அதாவது, காலண்டரைப் பார்த்துக் குத்திய கூடுதல் குத்துகளால் நோயாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு எதுவும் இல்லை. கிடைத்தது வலியும், வீணான ஒரு சிரையும். இதன் பிறகு வந்த பெரும்பாலான வழிகாட்டுதல்கள், மருத்துவக் காரணம் தோன்றும்போது மாற்றுவதையே பரிந்துரைக்கின்றன.

இனி அந்த மறுபாதி. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் கைகளை ஆய்வுச் செவிலியர்கள் நாள்தோறும் பார்த்துவந்தார்கள். ஆய்வின் முடிவை எடுத்துக்கொண்டு, அந்தப் பார்வையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளின் அனுபவம் சான்றாக உள்ளது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கேனுலாக்களின் பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட கட்டுரையில், வழக்கமான மாற்றத்தை நிறுத்திய காலத்தில் கேனுலாவால் வந்த இரத்தத் தொற்றுகள் உயர்ந்தன என்றும், பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்தன என்றும் தெரிவித்தார்கள். இது குலுக்கல் முறை ஆய்வு அன்று. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். தொற்றின் மொத்த எண்ணிக்கையும் மிகச் சிறியதே. ஆயினும் இதை ஒதுக்கிவிட முடியாது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: 72 மணி நேர விதி, பார்க்கத் தவறியவர்களுக்காகப் போடப்பட்ட ஒரு வேலி. ஒவ்வொரு பணிமுறையிலும் கேனுலா போட்ட இடத்தைப் பார்த்து, தொட்டு, நோயாளியைக் கேட்டு, எழுதியும் வைக்கும் வார்டு அந்த வேலியை அகற்றலாம். அப்படிப் பார்க்க ஆள் இல்லாத வார்டு, ஆய்வின் பெயரைச் சொல்லி வேலியை மட்டும் அகற்றுவது நேர்மையாகாது. பொதுவாகப் பெரியவர்களுக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு முறையும், மயக்கத்தில் இருப்பவர்கள், வலியைச் சொல்ல இயலாதவர்கள், தீவிர சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒரு முறையும், பச்சிளம் குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் மணிக்கொரு முறையும் பார்க்க வேண்டும் என்று மருந்தேற்றச் செவிலியர்களின் அமெரிக்கச் சங்கம் தன் தரநிலைகளில் கூறுகிறது. 0 முதல் 5 வரை மதிப்பெண் இடும் சிரை அழற்சி அளவுகோல் உங்கள் வார்டில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வலி, சிவப்பு, வீக்கம் ஆகியவற்றுள் இரண்டு சேர்ந்து தோன்றினாலே மதிப்பெண் 2 ஆகிவிடும். அப்போது கேனுலாவை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு பாட்டில்தானே மீதி என்று காத்திருப்பதற்கு அந்த அளவுகோலில் இடமில்லை.

நாட்கணக்கு இன்றும் செல்லுபடியாகும் இடம் ஒன்று உண்டு. அவசரத்தில், ஓடும் ஆம்புலன்ஸிலோ உயிர்காக்கும் முயற்சியின் நடுவிலோ, தூய்மை முறைகளை முழுமையாகக் கடைப்பிடிக்க முடியாமல் போட்ட கேனுலாவை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

மாற்றுவதா வேண்டாமா என்று விவாதிக்கும் முன், அது தேவைதானா என்று கேட்பது நல்லது. மருந்துகள் எல்லாம் மாத்திரையாக மாறிய பின்னும், எதற்கும் இருக்கட்டும் என்று விடப்பட்ட கேனுலா எத்தனை கைகளில் இருக்கிறது என்று உங்கள் வார்டில் ஒரு காலைப்பொழுதில் எண்ணிப் பாருங்கள். எடுத்துவிட்ட குழாயால் யாருக்கும் தொற்று வருவதில்லை.

கேள்வி: என் தந்தையின் கையில் ஊசி குத்தியபடியே இருக்கிறது. கையை மடக்கினால் உள்ளே கிழித்துவிடுமோ என்று அஞ்சி அவர் இரவெல்லாம் கையை நீட்டியே வைத்திருக்கிறார்.
— நோயாளியின் மகள்

பதில்: அவர் கைக்குள் ஊசி இல்லை. குத்துவதற்கு மட்டுமே ஊசி பயன்பட்டது. குழாய் சிரைக்குள் சென்றதும் அதை உருவி எடுத்துவிட்டார்கள். இப்போது உள்ளே இருப்பது வளைந்துகொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். விரல்களை அவர் தாராளமாக அசைக்கலாம். குழாய் மணிக்கட்டிலோ முழங்கை மடிப்பிலோ இருந்தால், அடிக்கடி மடக்கும்போது அது நெளிந்து அடைபடும், சிரைச் சுவரையும் உரசும். ஆகவே அங்கே மட்டும் கவனம் தேவை. இந்தக் காரணத்தால்தான், முடிந்தவரை மூட்டைத் தவிர்த்து முன்கையில் போடுவது நல்லது என்று சொல்லப்படுகிறது.

நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. எரிச்சல், வலி, சிவப்பு, வீக்கம், சுற்றிலும் தோல் இறுகிக் குளிர்ந்திருத்தல், டிரஸ்ஸிங் நனைதல் அல்லது ஓரம் பெயர்தல், காய்ச்சல், குளிர் நடுக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டாம். கேனுலாக்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் சிகிச்சை முடியும் முன்பே ஏதோ ஒரு காரணத்தால் பழுதாகின்றன என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அதை முதலில் உணர்பவர் பெரும்பாலும் நோயாளிதான்.

கேள்வி: குழாய் அடைபடாமல் இருக்க ஹெப்பாரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) செலுத்துவதா, சலைன் (உப்பு நீர்க்கரைசல்) போதுமா? ஃப்ளஷ் செய்ய (குழாயை உள்ளே கழுவிவிட) 10 மில்லி சிரிஞ்சையே பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்துவதன் காரணம் என்ன?
— செவிலியர் பட்டப்படிப்பு மாணவி

பதில்: கையில் உள்ள சாதாரண கேனுலாவுக்கு, பெரியவர்களைப் பொறுத்தவரை, சலைன் போதும். ஹெப்பாரின் இதைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை எதையும் தரவில்லை என்பது பல ஆண்டுகளாக நிலைபெற்ற முடிவு. பெரியவர்களின் சென்ட்ரல் லைன்களிலும் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, இருந்தால், மிகச் சிறியது என்றே தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. மறுபக்கம், ஹெப்பாரினால் இரத்தத் தட்டுகள் குறையும் ஆபத்தான எதிர்விளைவு சிலருக்கு வருகிறது. செறிவு மாறிப்போவதால் நேரும் மருந்துப் பிழைகளும் உண்டு. ஆகவே சலைனை முதலில் வைத்து, ஹெப்பாரினுக்குத் தனிக் காரணம் கேட்பதே பொருத்தம்.

டயாலிசிஸ் கதீட்டர் (இரத்தச் சுத்திகரிப்புக்காகப் பெருஞ்சிரையில் வைக்கும் குழாய்) அத்தகைய தனிக் காரணம் உள்ள இடம். அதில் அடைத்து வைக்கப்படும் ஹெப்பாரின், மில்லிக்கு 1,000 யூனிட் முதல் 5,000 யூனிட் வரை செறிவுள்ளதாக இருக்கலாம். அதை முதலில் உறிஞ்சி எடுத்துக் கொட்டாமல், சாதாரண லைன் என்று எண்ணி உள்ளே தள்ளினால் நோயாளிக்குப் பெரும் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். டயாலிசிஸ் பிரிவின் அனுமதி இல்லாமல் அந்தக் கதீட்டரை மற்ற மருந்துகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியின் பின்னால் இதுவும் இருக்கிறது.

உண்மையில், எதைச் செலுத்துகிறோம் என்பதைவிட எப்படிச் செலுத்துகிறோம் என்பதே முக்கியம். பாட்டிலின் அடியில் ஒட்டியதைக் கழுவ நாம் நீரை மெல்ல ஊற்றிவிட்டு நிறுத்துவதில்லை, குலுக்குகிறோம். குழாயின் உட்சுவரில் ஒட்டிய இரத்தத்தையும் மருந்தையும் அகற்றவும் அத்தகைய கலக்கம் வேண்டும். சுமார் 1 மில்லி அளவாகத் தள்ளி, சற்று நிறுத்தி, மீண்டும் தள்ளும் முறை அதற்காகத்தான். ஃப்ளஷின் அளவு, குழாயும் அதனுடன் இணைத்த உறுப்புகளும் கொள்ளும் அளவைப் போல் குறைந்தது இரு மடங்கு இருக்க வேண்டும். பிஸ்டனைக் கடைசி வரை அழுத்தாமல் அரை மில்லி அளவு சிரிஞ்சில் மீதி வைத்தால், கடைசி அழுத்தத்தின்போது பிஸ்டன் நசுங்கி எழும்பி இரத்தத்தைக் குழாய்க்குள் இழுப்பதைத் தவிர்க்கலாம்.

10 மில்லி சிரிஞ்சின் காரணம் எளிய இயற்பியல். ஒரே விசையைக் கொடுத்தாலும், குறுகிய சிரிஞ்சில் அழுத்தம் அதிகமாக உருவாகும். அடைப்புள்ள சென்ட்ரல் லைனில் 2 மில்லி சிரிஞ்சை வைத்து அழுத்தினால் குழாய் வெடிக்கலாம், உறைகட்டி பெயர்ந்து ஓடலாம். ஆகவே குழாய் திறந்திருக்கிறதா என்ற சோதனையை 10 மில்லி சிரிஞ்சு, அல்லது அதே விட்டமுள்ள உருளை கொண்ட சிரிஞ்சு, இவற்றால் மட்டுமே செய்ய வேண்டும். தடையின்றி ஓடுகிறது என்று உறுதியான பின், சிறிய அளவு மருந்தை அதற்கேற்ற சிறிய சிரிஞ்சில் தருவதில் தவறில்லை. அதைப் பெரிய சிரிஞ்சுக்கு மாற்றப்போய் அளவில் பிழை செய்வதுதான் தவறு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு, அதில் ஊசியைக் குத்தி வைத்து, வார்டில் உள்ள அனைவருக்கும் அதிலிருந்தே ஃப்ளஷ் எடுக்கும் வழக்கத்தைக் கண்டால் அதில் பங்கேற்காதீர்கள். ஒருவரின் கிருமி பலருக்குப் பரவிய தொற்றுப் பரவல்களுக்கு இத்தகைய பொதுப் பாட்டில்கள் மூலமாக இருந்திருக்கின்றன. ஒரு நோயாளிக்கு ஒரு முறைக்கு ஒரு சிரிஞ்சு, ஒரு சிறு குப்பி. இதில் சிக்கனம் பார்க்க இடமே இல்லை.

கேள்வி: தோலைச் சுத்தம் செய்ய எது சிறந்தது? டிரஸ்ஸிங்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? குழாய் நுழையும் இடத்தில் ஆன்டிபயாடிக் களிம்பு தடவலாமா?
— தனியார் மருத்துவமனைச் செவிலியர்

பதில்: ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு, ஆல்கஹாலில் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிதான் முதல் தேர்வு. பிரான்சின் 11 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,546 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹால் பயன்படுத்தியவர்களிடம் குழாய் சார்ந்த தொற்று 1,000 குழாய்-நாட்களுக்கு (ஒரு குழாய் ஒரு நாள் உள்ளே இருந்தால் அது ஒரு குழாய்-நாள்) 0.28 ஆகவும், பொவிடோன் அயோடின் என்ற மற்றொரு கிருமிநாசினி கலந்த ஆல்கஹால் பயன்படுத்தியவர்களிடம் 1.77 ஆகவும் இருந்தது. இரண்டிலும் ஆல்கஹால் இருந்ததால், இந்த வேறுபாட்டை ஆல்கஹாலின் கணக்கில் எழுத முடியாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் குளோர்ஹெக்சிடினால் தோல் புண்ணாகக்கூடும் என்பதால் அவர்களுக்கு அதை எச்சரிக்கையுடன்தான் பயன்படுத்த வேண்டும்.

எந்த மருந்தானாலும் அது தானாகக் காய வேண்டும்; ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினுக்குக் குறைந்தது 30 விநாடி, பொவிடோன் அயோடினுக்கு ஒன்றரை முதல் 2 நிமிடம். ஊதுவதும், விசிறுவதும், காயும் முன் பஞ்சால் ஒற்றி எடுப்பதும், சுத்தம் செய்த பின் சிரை எங்கே என்று மறுபடி விரலால் தடவிப் பார்ப்பதும் செய்த வேலையை அழிக்கும் செயல்கள். சிரையைத் தேட வேண்டுமானால் சுத்தம் செய்வதற்கு முன்பே தேடிக்கொள்ளுங்கள்.

சென்ட்ரல் லைனில், உள்ளே தெரியும் ஒட்டு டிரஸ்ஸிங்கை 7 நாளுக்கு ஒருமுறையும் துணி டிரஸ்ஸிங்கை 2 நாளுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். ஒட்டு டிரஸ்ஸிங்கின் அடியில் துணித்துண்டை வைத்து நுழைவிடத்தை மறைத்தால் அதுவும் துணி டிரஸ்ஸிங்காகவே கணக்கிடப்படும். நனைந்தாலும், பெயர்ந்தாலும், இரத்தம் தேங்கினாலும் நாளை எண்ணாமல் உடனே மாற்ற வேண்டும். பெயர்ந்த ஓரத்தின் மேல் இன்னொரு பிளாஸ்திரியை ஒட்டுவது, மாற்றியதாகாது.

களிம்பு வேண்டாம். பூஞ்சைத் தொற்றையும் மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்க்கும் என்பதால், டயாலிசிஸ் கதீட்டர்களைத் தவிர மற்றவற்றில் அதைத் தடவக் கூடாது என்று வழிகாட்டுதல்கள் தெளிவாகவே கூறுகின்றன.

கேள்வி: ஒவ்வொரு முறை மருந்து செலுத்தும் முன்பும் லைனின் வாயை 15 விநாடி தேய்க்கச் சொல்கிறார்கள். ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு நாற்பது முறை லைனைத் திறக்கும் ஐ.சி.யூ.வில் இது நடக்கிற காரியமா?
— தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. நாற்பது முறைக்கு 15 விநாடி என்றால் மொத்தம் 10 நிமிடம்; காயும் நேரம் அதற்கு மேல். இதில் சற்று ஆறுதல் உண்டு: லைனின் வாயில் உள்ள ஊசியில்லா இணைப்பானை 70 சதவீத ஆல்கஹாலோ ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினோ கொண்டு 5 முதல் 15 விநாடி வரை அழுத்தித் தேய்த்து உலரவிட வேண்டும் என்பதே தரநிலைகளில் உள்ளது, ஒவ்வொரு முறையும் 15 விநாடி என்பது உச்ச வரம்பு. ஆல்கஹால் தோய்ந்த மூடிகளை இணைப்பானின் மேல் மாட்டி வைப்பதும் ஏற்கப்பட்ட வழி. ஆனால் அந்த மூடி ஒரு முறைக்கு மட்டுமே. கழற்றியதை மீண்டும் மாட்டக் கூடாது. ஈரப் பஞ்சால் ஒரு தொடு தொட்டுவிட்டு இணைப்பது தேய்த்தல் ஆகாது, அது ஒரு சடங்கு.

எனினும் உங்கள் கேள்விக்கு நான் அதிகம் விரும்பும் விடை, நாற்பதைக் குறைப்பது. ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய இரத்தப் பரிசோதனைகளைச் சேர்த்து எடுப்பதும், வாய்வழி தரக்கூடிய மருந்துகளை மாற்றித் தரும்படி மருத்துவரிடம் கேட்பதும், டிரிப்ஸ் குழாய்த்தொகுதியை அவசியமின்றி அவிழ்க்காமல் இருப்பதும் அதற்கு வழி. 2021-இல் வெளியான, ரிக்கார்டு குழுவினரின் இன்னோர் ஆய்வு, அந்தக் குழாய்த்தொகுதியை 4 நாளுக்குப் பதில் 7 நாள் வரை வைத்திருந்தாலும் இரத்தத் தொற்று கூடவில்லை என்று காட்டியது. இரத்தமும் கொழுப்புக் கரைசலும் ஏற்றிய குழாய்களுக்கு இது பொருந்தாது. அவற்றை 24 மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

லைன் தொற்றைப் பற்றிப் பேசும்போது அமெரிக்காவின் மிச்சிகன் மாநில முயற்சியைச் சொல்லாமல் விட முடியாது. பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழுவினர் 2006-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தரவுகள் இருந்தன. புதிய மருந்தோ கருவியோ எதுவும் புகுத்தப்படவில்லை. கை கழுவுதல், லைன் போடும்போது முழு உடல் தூய உறை, குளோர்ஹெக்சிடின், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற லைனை எடுத்தல் என ஐந்தே செயல்கள். 1,000 குழாய்-நாட்களுக்குச் சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று, 18 மாதங்களில் 1.4 ஆகக் குறைந்தது. பலரும் இதைச் சரிபார்ப்புப் பட்டியலின் வெற்றி என்று மேற்கோள் காட்டுவார்கள். நான் அதில் கவனிப்பது வேறொன்று: அவசரமில்லாத நேரத்தில் இந்த ஐந்தில் ஒன்று தவறினால், லைன் போடுபவரை நிறுத்தும் அதிகாரம் அங்கே அருகில் நின்ற செவிலியருக்கு வழங்கப்பட்டிருந்தது. பட்டியலை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிய பல இடங்களில் இந்த அதிகாரம் மட்டும் வந்து சேரவே இல்லை.

கேள்வி: எனக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்துவருகிறது, டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சலுக்குச் சேர்ந்தபோது முன்கையில் கேனுலா போட்டார்கள். பிறகு ஒருவர், அங்கே போடக் கூடாது என்றார். ஏன்?
— நோயாளி

பதில்: டயாலிசிஸுக்குத் தேவைப்படும் ஃபிஸ்துலா, கையில் உள்ள தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கப்படுவது. அதற்கு முன்கையிலும் மேற்கையிலும் தழும்பற்ற நல்ல சிரை வேண்டும். கேனுலாவும், அதைவிடப் பிக் லைனும், சிரையை உட்புறம் புண்ணாக்கிச் சுருங்கச் செய்துவிடலாம். ஆகவே உங்களைப் போன்றவர்களுக்குப் புறங்கைச் சிரைகளைப் பயன்படுத்துவதும், பிக் லைனையும் காறை எலும்பின் கீழ் போடும் லைனையும் தவிர்ப்பதும் வழிகாட்டுதல்களின் பரிந்துரை. முன்கையே நல்லது என்று மேலே மற்றவர்களுக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. ஒருமுறை போட்டதால் எல்லாம் கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். அடுத்த முறை குத்துவதற்கு முன்பே, உங்களுக்குச் சிறுநீரக நோய் இருப்பதையும் புறங்கையில் போட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஃபிஸ்துலா அமைத்த பிறகு அந்தக் கையில் இரத்தம் எடுப்பதோ இரத்த அழுத்தம் பார்ப்பதோ கூடாது.

கேள்வி: பிக் லைனில் சலைன் தடையின்றி உள்ளே போகிறது, இரத்தம் மட்டும் திரும்பி வருவதில்லை. மருந்து போகிறதே, போதாதா?
— புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்

பதில்: போதாது. குழாயின் முனையைச் சுற்றி, இரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற புரதத்தின் உறை படர்ந்தால், அது ஒருவழிக் கதவாகி உள்ளே விடும், வெளியே விடாது. அப்போது நீங்கள் செலுத்தும் மருந்து, அந்த உறைக்கும் குழாய்க்கும் இடையே பின்னோக்கி வந்து திசுவில் கசியவும் கூடும். திசுவை அழிக்கும் தன்மையுள்ள புற்றுநோய் மருந்தை, இரத்தம் திரும்பாத லைனில் செலுத்தவே கூடாது.

முதலில் எளியவற்றைப் பாருங்கள்: கிளாம்ப் மூடியிருக்கிறதா, டிரஸ்ஸிங்கின் அடியில் குழாய் மடங்கியிருக்கிறதா, இணைப்பான் அடைபட்டதா. நோயாளியைக் கையை உயர்த்தவும், மூச்சை இழுக்கவும், இருமவும், பக்கம் மாறிப் படுக்கவும் சொல்லி மறுபடி முயலுங்கள். முனை சிரைச் சுவரில் ஒட்டியிருந்தால் இதில் விடுபடும். வெளியே தெரியும் குழாயின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, போட்ட நாளின் குறிப்புடன் ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் முனை இடம் மாறியிருக்கிறது, எக்ஸ்-ரே இன்றி மேலே செல்லக் கூடாது. மேற்கையின் சுற்றளவும் கூடி, வலியும் இருந்தால் ஆழ்சிரை உறைகட்டியை நினைக்க வேண்டும். இவை எதுவும் இல்லாதபோது, மருத்துவர் ஆணையின் பேரில் 2 மில்லியில் 2 மில்லிகிராம் ஆல்டிபிளேஸ் என்ற உறைகட்டி கரைக்கும் மருந்தைக் குழாய்க்குள் நிறுத்தி, 30 நிமிடத்திலும் 2 மணி நேரத்திலும் இரத்தம் வருகிறதா என்று பார்ப்பது நிலைபெற்ற முறை. தேவையானால் ஒருமுறை திரும்பச் செய்யலாம். பெரும்பாலான குழாய்கள் இதில் திறந்துவிடும்.

இத்துடன் இன்னொரு கேள்வியையும் உங்கள் பிரிவில் எழுப்பலாம். 5 நாளுக்குள் முடியும் சிகிச்சைக்குச் சாதாரண கேனுலா, இரண்டு வாரம் வரை மிட்லைன் (மேற்கைச் சிரையில் போட்டு, அக்குளை எட்டும் அளவில் முடியும் நடுநீளக் குழாய்), அதற்கு மேல் பிக் லைன் என்பது, திசுவை உறுத்தாத மருந்துகளுக்கு 2015-இல் வினீத் சோப்ரா முதலானோர் வெளியிட்ட பரிந்துரைகளின் சாரம். பிக் லைன் போடுவது எளிது என்பதால் அதை எல்லோருக்கும் போடும் பழக்கம், உறைகட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறது.

கேள்வி: என் மனைவிக்கு மார்பில் போர்ட் பொருத்தியிருக்கிறார்கள். சிகிச்சை முடிந்தும் மாதந்தோறும் ஃப்ளஷ் செய்ய வரச்சொல்கிறார்கள். அவர் வழக்கம்போல் குளிக்கலாமா?
— நோயாளியின் கணவர்

பதில்: காயம் ஆறி, ஊசி மாட்டப்படாத நிலையில் குளிக்கலாம், தோல்தான் போர்ட்டின் மூடி. ஊசி மாட்டியிருக்கும் நாட்களில் அந்த இடம் நனையக் கூடாது. பயன்படுத்தாத போர்ட்டை 4 வாரத்துக்கு ஒருமுறை ஃப்ளஷ் செய்வது நெடுநாள் வழக்கம். இதை 3 மாதம் வரை நீட்டித்தாலும் அடைப்பு கூடுவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியதால், இன்றைய தரநிலைகள் அதை ஏற்கின்றன. மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். போர்ட்டில், அதற்கென்றே செய்யப்பட்ட ஹூபர் ஊசியைத் தவிர வேறு ஊசியைக் குத்த விடாதீர்கள். சாதாரண ஊசி அதன் சிலிகான் மூடியைத் துளைத்துத் துணுக்காக்கிவிடும். ஃப்ளஷ் செய்த சற்று நேரத்தில் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால், அது போர்ட் தொற்றின் அறிகுறி. மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: கழுத்தில் உள்ள சென்ட்ரல் லைனை எடுக்கும்போது நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பதில் என்ன தவறு?
— புதிதாகப் பணியில் சேர்ந்த செவிலியர்

பதில்: உயிருக்கே ஆபத்தான தவறு. உட்கார்ந்திருக்கும்போது, மூச்சை உள்ளிழுக்கையில், மார்புக்குள் உள்ள சிரையின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைகிறது. குழாய் விட்டுச்சென்ற பாதை வழியே காற்று உறிஞ்சப்பட்டு இதயத்துக்குச் செல்லலாம். எனவே நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, தாங்க முடிந்தால் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, குழாயை உருவும்போது மூச்சை அடக்கி முக்கச் சொல்ல வேண்டும். அவரால் அது இயலாவிட்டால் மூச்சை வெளிவிடும் தருணத்தில் எடுக்க வேண்டும். இழுக்கும்போது தடை இருந்தால் பலம் கொடுக்காமல் நிறுத்தி, மருத்துவரை அழையுங்கள். எடுத்ததும் இரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடித்து, பெட்ரோலிய அடிப்படையிலான களிம்பு வைத்துக் காற்றுப்புகாத டிரஸ்ஸிங் போட்டு, அதைக் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். முன் சொன்ன களிம்புத் தடை, ஆன்டிபயாடிக் களிம்புக்கும் குழாய் உள்ளே இருக்கும் காலத்துக்கும் உரியது. இங்கே களிம்பின் வேலை காற்றை அடைப்பது. நோயாளி 30 நிமிடம் படுத்தே இருக்கட்டும்.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பம் தோன்றினால், துளையை உடனே அழுத்தி மூடி, இடப்பக்கமாகச் சாய்த்துத் தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, உதவிக்கு அழைக்க வேண்டும். எல்லாம் நலமாக முடிந்தால், எடுத்த குழாயின் முனை முழுமையாக இருக்கிறதா என்று பார்த்து, அதன் நீளத்தைப் போட்ட நாளில் எழுதிய நீளத்துடன் ஒப்பிட்டு, நேரத்துடன் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.